வேப்புக்கு மாறியபின் மறுபடியும் சிகரெட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு சின்னத் தோட்டப் பட்டணத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். 19 வருடம் சிகரெட், நாளுக்கு ஒரு பெட்டி, பழம் அதிகமாக வரும் மாதங்களில் அதற்கு மேலும். வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறி 11வது வாரம் கவிழ்ந்தேன், 9 நாள் பழையபடி ஊதித் தள்ளினேன், அப்புறம் மறுபடி ஏறி வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது. இந்தக் கதை எப்படியோ பரவி, எண்ணெய் மில் வரிசையில், ஒட்டுக்கடையில், கோவில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் என்று கண்ட இடத்தில் நிறுத்தி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஆளாளுக்குக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பட்டதும் படித்ததும்தான் இதில் இருக்கிறது. சிகரெட்டே தொடாதவர்கள் இதைப் படித்துவிட்டு வேப் கடைக்குப் போகவேண்டாம், இது உங்களுக்காக எழுதியதில்லை.

அண்ணே, 40 நாள் தாண்டியிருந்தேன், நேற்று ஒன்று பிடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்று பிடித்தால் ஒன்று பிடித்ததாகத்தான் கணக்கு. போதைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லாட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்: சறுக்குவது வேறு, விழுந்து கிடப்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஆளை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த ஒரு சிகரெட்டின் நிக்கோட்டின் இல்லையாம், பிடித்து முடித்தபின் நமக்குள்ளேயே ஓடும் 'நான் எதுக்கும் லாயக்கில்லை, இனிமேல் என்ன இருக்கு' என்கிற பேச்சாம். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் எனக்கு நடந்தது அப்படியே அதுதான்.

என் மாமா தவறிப்போனார். சாவு வீட்டில் ராத்திரி, கூடாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் மேசை, வெற்றிலைத் தட்டு, கச்சாங், ஆரஞ்சு சோடா, ஒரு எவர்சில்வர் தட்டில் பெட்டியைப் பிரித்துக் கொட்டி வைத்த சிகரெட். என் வேப் பேட்டரி மாலை 6 மணிக்கே செத்துவிட்டது, சார்ஜர் லோரியில், லோரி யார்டில். பெரியவர் ஒருவர் தட்டை நீட்டினார், வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை. முதல் இழுப்பு நன்றாகவே இல்லை தெரியுமா, கயிற்றைக் கொளுத்தி வாயில் வைத்த மாதிரி இருந்தது, தலை வேறு கிறுகிறுத்தது. அதோடு விட்டிருக்கலாம். 'சரி, இன்றைக்கு மட்டும்' என்று விடிவதற்குள் நாலு. மறுநாள் சுடுகாட்டிலிருந்து வரும் வழியில் இறங்கி ஒரு பெட்டி வாங்கினேன். உடம்பு கேட்டு வாங்கவில்லை, 'எப்படியும் கெட்டாச்சு' என்ற கணக்கில் வாங்கினேன். 'தைப்பூசத்துக்கு அப்புறம் புதுசாக ஆரம்பிப்போம்' என்று நாள் வேறு குறித்துக்கொண்டேன். 9 நாள் வீணாய்ப் போனது அந்த நாள் குறித்த புத்தியால்தான்.

அதனால் நல்ல நாள் பார்க்காதீர்கள். இன்றைக்கு மத்தியானம் சோறு சாப்பிட்டபின் வழக்கமாகப் பற்றவைக்கும் அந்த ஒன்றுக்குப் பதிலாக வேப்பை எடுங்கள். 40 நாள் என்கிற எண்ணிக்கையை அழிக்கவும் வேண்டாம். 40 நாளில் ஒரு சிகரெட் என்று எழுதி வையுங்கள். நாளுக்கு 20 என்றால், முன்பு அதே 40 நாளில் 800 பிடித்த ஆள்தானே நீங்கள்.

இப்போது வேப் முக்கால், சிகரெட் கால் என்று ஓடுகிறது. காலை கோப்பிக்கு ஒன்று, அங்கே இங்கே ஒன்றிரண்டு. முக்கால்வாசி லாபம்தானே?

பணத்தில் லாபம். இதயத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. நாளுக்கு 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு என்றுதான் நாம் நினைப்போம், பாதி. இரத்தக் குழாய்க்குக் கொஞ்சப் புகையே போதும் போல.

இன்னொன்று, விடாமல் வைத்திருக்கிறோமே அந்த மூன்று நாலு, அவை சும்மா மூன்று நாலு இல்லை, நாளிலேயே ருசியானவை. டைம்பாஸுக்குப் பிடித்ததையெல்லாம் வேப்புக்குக் கொடுத்துவிட்டு, உயிரோடு கட்டிப்போட்டதை அப்படியே வைத்திருக்கிறோம். மாறும்போது ஒரு வாரம் பத்து நாள் இரண்டும் கலந்து ஓடுவது சகஜம், அதற்கு யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆறு மாதமாக ஓடுகிறது என்றால் அது மாறுதல் இல்லை, இரண்டு செலவு. கடைசி சிகரெட்டுக்கு ஒரு தேதி வையுங்கள். இங்கிலாந்தில் 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வில் சிலரை இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள், சிலரை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 22 சதவீதம் பேர் தாக்குப்பிடித்திருந்தார்கள், படிப்படியாகக் குறைத்தவர்களில் 15.5 சதவீதம். நான் இதற்கு நேர்மாறாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரியும் இருந்தது, ஜூஸும் (வேப்பில் ஊற்றும் திரவம்) இருந்தது, கையிலேயே வேப் இருந்தது. அப்படியும் போய் சிகரெட் வாங்கினேன். எனக்கு மன உறுதி இல்லையோ?

மன உறுதியைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாட்டிலைக் காட்டுங்கள்.

குலை வெட்டுகிற தம்பி ஒருவன், நாளுக்கு 25 பிடித்தவன், இதே கேள்வியோடு வந்தான். கூட வேலை செய்பவர் 'நான் மூணு அடிக்கிறேன், போதுமானதாக இருக்கு' என்று சொல்லியிருக்கிறார், இவனும் கடைக்குப் போய் மூணு என்று கேட்டு வாங்கிவிட்டான். அவர் அடித்தது 3 சதவீதம். இவன் வாங்கியது 3 மில்லிகிராம். 3 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் நிக்கோட்டின், அதாவது பத்து மடங்கு. அந்த 3 மில்லிகிராம் பெரிய மேகம் விடும் மெஷினுக்கு உண்டானது. அந்த மெஷின் ஒரு இழுப்பில் நிறைய ஜூஸைச் சூடாக்கி அள்ளி விடும், அதனால் அதில் ஈடுகட்டிவிடும். தம்பி அதை ஒரு விரல் அளவு பாடில் (சின்ன வகை வேப்பில்) ஊற்றி இழுத்திருக்கிறான். மாம்பழ வாசனைதான் வரும், வேறு என்ன வரும்? பாவம், இரண்டு வாரம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு இருந்தான்.

ஒரு சிகரெட் சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம் நிக்கோட்டினை உடம்புக்குள் இறக்குகிறது, அதுவும் இழுத்த 10, 20 விநாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. சிகரெட் அளவுக்கு வேகமாக எந்த மாற்றுப் பொருளும் போகாது, வேப்பும் பெரும்பாலும் கொஞ்சம் மெதுவாகத்தான். அந்த மெதுவுக்கு மேல் அளவும் குறைந்தால் மூளை பழைய முதலாளியிடமே வேலைக்குப் போய்விடும். ஒரு பெட்டிக்காரர் சின்ன பாட் வாங்கினால் சால்ட் வகை (நிக்கோட்டின் உப்பு) ஜூஸ் பார்த்து வாங்குங்கள். சாதா நிக்கோட்டின் 3 சதவீதம் அளவுக்குப் போனால் தொண்டையைக் கிழிக்கும், சால்ட் அவ்வளவு அறுக்காது. அளவு சரியா என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: பத்து நிமிடம் விட்டு விட்டு இழுத்தபிறகும் எரிச்சல் அடங்காமல் மனசு கடைப்பக்கமே போனால் குறைவு, குமட்டலும் விக்கலும் தலைசுற்றலும் வந்தால் அதிகம்.

இழுக்கிற விதமும் இருக்கிறது. சிகரெட்டை இழுப்பது போல சுருக்கென்று இழுத்தால் ஜூஸ் வாய்க்கு வரும், ஆவி வராது. மெதுவாக, மூன்று நாலு விநாடி. புதுக் காயில் (ஜூஸைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) போட்டால் பஞ்சு நனைய பத்து நிமிடம் விடுங்கள், அவசரப்பட்டு இழுத்தால் பஞ்சு கருகி, அந்தக் கருகல் ருசி அந்தக் காயில் சாகும்வரை போகாது. அந்த ருசிக்குப் பயந்து சிகரெட்டுக்குப் போனவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

நிக்கோட்டினைக் கூட்டச் சொல்கிறீர்களே, அடிமைத்தனம் கூடாதா?

நாளுக்கு 20 பிடித்த ஆள் ஏற்கெனவே முழு அடிமைதான், புதிதாக யாரும் விலங்கு மாட்டப்போவதில்லை. புற்றுநோயையும் நுரையீரல் கெடுவதையும் முக்கியமாகக் கொண்டுவருவது இலை எரிகிற புகை, அதில் வரும் தார் முதலான பொருட்கள். நிக்கோட்டின் நல்ல பிள்ளை என்று சொல்லவில்லை, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், விடவும் விடாது. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்காமல் டாக்டரிடம் போங்கள்.

தோட்டத்துக்குள்ளே வேலை. பத்து மணிக்குள் பேட்டரி காலி, சுற்றிலும் பனைமரம்தான். என்ன செய்ய?

இரண்டு வேப். இது ஆடம்பரம் இல்லை, ஸ்பேர் டயர் மாதிரி. ஒன்று சட்டைப்பையில், ஒன்று சோற்றுப் பையில், வேறு எதற்கும் எடுக்காமல். எங்கள் பக்கத்தில் தோட்ட வாசலில் இருக்கும் கடையில் சிகரெட் காலை 5 மணிக்கே கிடைக்கும், வேப்புக்கு டவுனுக்குப் போகவேண்டும், அதுவும் 11 மணிக்குத்தான் திறக்கிறார்கள். இந்த ஆறு மணி நேர இடைவெளியில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். ஆன்லைனில் வாங்கி வைக்கலாம் என்றால் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமான 852ஆம் சட்டப்படி ஆன்லைன் விற்பனை கூடாது. ஜொகூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோங்கள், அங்கே 2016 முதல் கடையில் விற்க மாநிலத் தடை. கழற்றி மாட்டும் பேட்டரியை மட்டும் சில்லறைக் காசோடும் சாவியோடும் ஒரே பையில் போடாதீர்கள், ஷார்ட் ஆகிச் சூடேறி வெடிக்கலாம்.

வீட்டில் இருந்தால் நினைப்பே வருவதில்லை. வேலை இடத்தில்தான் தாங்க முடியவில்லை.

எனக்கு மில் வாசல். பழம் கொட்டுகிற மாதத்தில் எடை போடும் இடத்துக்கு முன்னால் லோரி வரிசை மெயின் ரோடு வரை நிற்கும், மூன்று மணி நேரம் கூட ஆகும். எஞ்சினை அணைத்தால் கேபின் அடுப்பு, கதவைத் திறந்தால் பழம் வேகிற அந்த எண்ணெய் வாடை. கால் தரையில் பட்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நான் யோசித்துப் போனதில்லை, கைதான் போகும். 11 வாரம் வேப் அடித்தும் அந்தக் கைக்கு விஷயம் தெரியவில்லை.

இதற்கு ஒரு அழகான ஆய்வு இருக்கிறது, இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்துச் செய்தது, 2010இல் வந்தது. விமானத்தில் புகைக்க முடியாது அல்லவா, ஒரே ஆட்கள் குறைந்த தூரம் போகும்போதும் நீண்ட தூரம் போகும்போதும் சிகரெட் ஆசை எப்போது ஏறுகிறது என்று பார்த்தார்கள். எத்தனை மணி நேரம் பிடிக்காமல் இருந்தார்கள் என்பதைவிட, தரை இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் ஆசையைக் கிளப்பியது. 4 மணி நேரப் பயணத்தில் இறங்கும் நேரம் வந்த தவிப்பு, 10 மணி நேரப் பயணத்தில் அதே 4 மணியில் வரவில்லை. 'இதோ கிடைக்கப்போகிறது' என்ற நினைப்புக்குத்தான் வாய் ஊறுகிறது. என் மில் வாசல் என் விமான நிலையம்.

அந்த நேரத்துக்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிரைவர் பக்கம் இறங்காமல் இருக்கையில் நகர்ந்து அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கினேன். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் பக்கம் இறங்கினால் எதிரே சாக்கடையும் வேலியும்தான், மற்ற டிரைவர்கள் கூட்டமாக நின்று ஊதுவது கண்ணில் படாது, கைக்கும் இது எந்த இடம் என்று குழம்பும். வாயில் ஒரு அசாம் பூய், உப்புப் போட்டு உலர்த்திய புளிப்புப் பழம். தவிப்பு அலை பெரும்பாலும் சில நிமிடத்தில் இறங்கிவிடும். ஒரு அசாம் பூய் கொட்டையைத் துப்பும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறேன் என்று புகையிலையைச் சேர்த்துக் குதப்பாதீர்கள், அது வேறு வாசல் வழியாக அதே வீட்டுக்குப் போவது.

தைப்பூசத்துக்கு மாலை போட்டு 48 நாள் சிகரெட்டும் இல்லை, வேப்பும் இல்லை, நினைப்பும் இல்லை. காவடி இறக்கிய அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். சாமி காரியத்துக்கு முடிகிறது, எனக்கென்றால் முடியவில்லையே?

வெட்கப்பட ஒன்றும் இல்லை, மேலே சொன்ன விமானக் கதைதான் இதுவும். விரதத்தில் மூளைக்குத் தெரியும், கதவு சாத்தியாச்சு, கெஞ்சிப் பயனில்லை. அதே மூளைக்குத் தேதியும் தெரியும். மாலையைக் கழற்றும் நிமிடம்தான் தரை இறங்கும் நிமிடம்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. நிக்கோட்டின் இல்லாத தவிப்பு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 48வது நாள் உங்கள் உடம்பு கேட்கவில்லை, மலையிலிருந்து இறங்கும்போது நண்பர்கள் நீட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்புதான் கேட்டது. அடுத்த வருடம் மாலை போட்டால் இறக்கும் நாளுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும்: யாரோடு வேனில் வருவீர்கள், எங்கே சாப்பிடுவீர்கள் என்பது வரைக்கும். 48 நாள் சும்மா இருக்க முடிந்த ஆளுக்கு வேப் எதற்கு என்பதும் நியாயமான கேள்வி. நீங்கள் அந்த வழியிலேயே போங்கள்.

சிகரெட்டை விட்டதிலிருந்து படபடப்பு, தூக்கம் இல்லை, கை நடுக்கம். இது தாங்காமல்தான் மறுபடி பிடித்தேன்.

எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள், இதுதான் கேள்வி. சிகரெட் புகையின் தாரில் உள்ள சில பொருட்கள் ஈரலை முடுக்கிவிட்டு, கஃபீனைச் சீக்கிரம் கழித்துக்கட்ட வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அந்த முடுக்கம் நின்றுவிடும். பழைய அளவு கோப்பியே குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் இரண்டு மடங்கு வரை ஏறி நிற்கும். வேப்பில் நிக்கோட்டின் வருகிறது, தார் வருவதில்லை, அதனால் மாறியவர்களுக்கும் இதே நிலைதான். பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னால் ஒன்று, ஒன்பது மணிக்கு ஒன்று, மில்லில் இரண்டு, ராத்திரி வீட்டில் ஒன்று என்று பால் இல்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்த எனக்கு முதல் மாதம் நெஞ்சு தபேலா வாசித்தது. நிக்கோட்டின் கேட்கிறது என்று நினைத்தேன். கோப்பியைப் பாதியாக்கினேன், ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்களும், மனநோய்க்கு குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களும் சிகரெட்டை நிறுத்தியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும், அதே ஈரல் விவகாரத்தால் மருந்தின் அளவும் ஏறிவிடும். மறுபடி பிடித்தாலும் சொல்லவேண்டும்.

வாய்ப்புண், மலச்சிக்கல், இருமல் கூடுவது, இதெல்லாம் சிகரெட்டை விட்டவர்களுக்கு முதல் சில வாரம் வருவதுதான். 'வேப் ஒத்துக்கொள்ளவில்லை' என்று திரும்பிப் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் சிகரெட் இல்லாததுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தண்ணி போட்டால் மட்டும் கை போய்விடுகிறது.

எல்லோருக்கும்தான். முதல் ஒன்றிரண்டு மாதம் தண்ணியைக் குறையுங்கள், அல்லது சிகரெட் பிடிக்காத ஆட்களோடு குடியுங்கள். இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

அண்ணா, வீட்டுக்காரர் வேப்புக்கு மாறிவிட்டேன் என்கிறார், ஆனால் சட்டையில் சிகரெட் வாடை. கேட்கட்டுமா வேண்டாமா?

தங்கச்சி, கேளுங்கள், ஆனால் போலீஸ் மாதிரி கேட்காதீர்கள். என் மனைவி அந்த 9 நாளில் மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, வேப் சார்ஜரை எடுத்து என் தலையணைப் பக்கத்துப் பிளக்கில் சொருகி வைத்தாள். அவ்வளவுதான். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், அந்தச் சார்ஜரின் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு ஆறு ராத்திரி படுத்துக் கிடந்தேன். திட்டினால் ஒளிந்து பிடிப்பார். ஒளிந்து பிடிப்பவன் எதனால் சறுக்கினான் என்று யாரிடமும் பேசமாட்டான், பேசாதவரை காரணம் பிடிபடாது.

வேப் அடித்தால் நுரையீரலில் தண்ணீர் சேரும் என்கிறார்களே? அதற்குப் பயந்து மறுபடி சிகரெட்டுக்கே போய்விட்டேன்.

வேப்பில் வருவது தண்ணீர் ஆவி இல்லை. புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனை ஆகியவை சூடாகி நுண்துளியாக வருகின்றன. அது குளம் மாதிரி தேங்கி நிற்பதில்லை. சுவாசக் குழாயை உறுத்தும், தொண்டையை வறட்டும், பல வருடம் கழித்து என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது, ஏனென்றால் சீனாவில் ஹோன் லிக் என்ற மருந்தாளர் இதை உருவாக்கியதே 2003 வாக்கில்தான். தீங்கில்லாதது என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் பயந்துபோய் அதைவிடப் பெரிய தீங்குக்கு ஓடுவது என்ன கணக்கு? மூச்சு இரைத்தாலோ நெஞ்சு வலித்தாலோ இரண்டையும் வைத்துவிட்டு கிளினிக்குக்குப் போங்கள்.

உண்மையில் பயப்படவேண்டியது வேறு. பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) தெரிந்த பையன் மூலமாகவும் வருகிற, லேபல் இல்லாத ஜூஸ். செயற்கைப் போதைப்பொருள் கலந்த ஜூஸைப் போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது, 'காளான் வேப்' என்று பள்ளிப் பிள்ளைகள் வரை பெயர் தெரிந்திருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் வேப்பால் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், பெரும்பாலும் காரணமாகக் கண்டது கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட். அடுத்தவன் வேப்பை வாங்கி ஒரு இழுப்பு இழுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஜூஸ் பாட்டில் வீட்டில் பிள்ளைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பழ வாசனை, கலர் படம், சின்னப் பிள்ளைக்கு அது சர்பத். கொஞ்சம் விழுங்கினாலும் விஷம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது, ஆலோசனை சொல்வார்கள், ஆனால் பிள்ளை வாந்தி எடுத்தாலோ துவண்டாலோ நேரே ஆஸ்பத்திரி. அப்புறம், சாப்பாட்டுக் கடையில் சிகரெட் போலவே வேப்பும் கூடாது, 18 வயதுக்குக் கீழே விற்கவும் கூடாது. மூத்த மகன் 'அப்பாவே அடிக்கிறார்' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று தடவை கவிழ்ந்துவிட்டேன். வேப் எனக்குச் சரிப்படாது போலிருக்கிறது.

சரிப்படாமலும் போகலாம். 2019இல் வந்த இங்கிலாந்து ஆய்வில், 886 பேரில் வேப் கொடுக்கப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் 18 சதவீதம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் சுவிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம். வேப் மேல்தான், ஆனால் அதிலும் 100 பேரில் 82 பேருக்கு நடக்கவில்லை. அதுவும் ஆலோசகர் முதல் நாலு வாரமாவது வாராவாரம் கூட இருந்து.

அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் புகை நிறுத்தும் சேவை இருக்கிறது, எம்குவிட் என்று கேளுங்கள். அங்கே வேப் கொடுக்கமாட்டார்கள், நம் சுகாதார அமைச்சு அதைச் சிகிச்சையாக ஏற்கவில்லை. வேறு நிக்கோட்டின் மருந்துகளும் பேச ஒரு ஆளும் கிடைக்கும். வேப்பை விட்டுவிட வருகிறவர்களையும் பார்க்கிறார்கள். ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள், மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று எண் வரும். சிகரெட்டை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே அந்த எண் புகைக்காதவர் அளவுக்கு இறங்கிவிடும். எனக்கு அந்தக் குழாய் பிடித்திருந்தது, பொய் சொல்ல முடியாது அதனிடம்.

சரி, வேப்பை எப்போது விடுவது?

சிகரெட்டுக்குத் திரும்பும் பயம் போனபிறகு, மெதுவாக. மேலே சொன்ன ஆய்விலேயே வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆகவே தானாக நழுவிப் போய்விடும் என்று எண்ணவேண்டாம். நான் 30 மில்லிகிராம் ஜூஸில் ஆரம்பித்து இப்போது 10இல் இருக்கிறேன். 20லிருந்து 10க்கு இறக்கியபோது இரண்டாவது வாரம் மில் வாசலில் பழைய தவிப்பு வந்தது. உடனே மறுபடி 20க்கு ஏற்றிவிட்டேன், மூன்று மாதம் கழித்து மறுபடி இறக்கினேன். தவிப்பு வந்தால் ஒரு படி மேலே ஏறுங்கள், கடைக்குப் போகாதீர்கள்.

சறுக்கியபோது வாங்கிய பெட்டியில் இன்னும் 13 மிச்சம் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, யாருக்காவது கொடுக்கட்டுமா?

கொடுத்தால் அவர் அடுத்த வாரம் நன்றிக்கடனாக ஒன்று நீட்டுவார். குழாய்த் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். நனைக்காமல் போட்டால் ராத்திரி போய்க் கிளறுவீர்கள், நான் கிளறியிருக்கிறேன், மீன் முள்ளுக்கு நடுவில். பெட்டி முடிந்ததும் 'அவசரத்துக்கு' ஒளித்து வைத்தவற்றையும் தேடுங்கள். நான் வெயில் மறைப்புத் தட்டுக்குப் பின்னால் ஒன்று சொருகி வைத்தது ஞாபகம் இருந்தது. லோரியை முழுசாகத் துழாவியபோது சீட்டுக்கடியில் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றை எலி பாதி கடித்து வைத்திருந்தது.